1 சாமுவேல் 8: ராஜா வேணும்னு கேட்டதுல அப்படி என்ன தப்பு? வாலிபர் கூட்டத்துல பேசணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க

நெல்லை வாலிபன்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க வாலிபர் கூட்டத்துல பைபிள் பழைய ஏற்பாட்டுல இருக்குற 1 சாமுவேல் 8 நான் எடுக்கணும். சண்டே ஸ்கூல்ல கேட்ட கதைதான், இஸ்ரவேல் ஜனங்க ராஜா கேட்டாங்க, கர்த்தருக்கு அது பிடிக்கல, அப்புறம் சவுல் வந்தாரு. ஆனா இப்ப நிதானமா உக்காந்து படிச்சா அங்கங்க இடிக்குது.

முதல் விஷயம், மூப்பர்கள் ராமாவுக்கு வந்து, அவங்கள நியாயம் விசாரிச்ச தீர்க்கதரிசி சாமுவேல்கிட்ட சொன்ன குறை நியாயமான குறைதானே. அவருக்கு வயசாயிடுச்சு, அவர் நியமிச்ச மகன்கள் யோவேலும் அபியாவும் பெயெர்செபாவுல உக்காந்துகிட்டு பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கி நியாயத்த புரட்டுறாங்க. இத பாத்துட்டு பேசாம இருக்கணுமா? அடுத்து உபாகமம் 17ல ராஜாவ வச்சுக்குறதுக்கு கர்த்தரே முன்கூட்டி சட்டம் குடுத்திருக்காரு, ஆபிரகாமுக்கும் உன் சந்ததியில ராஜாக்கள் தோன்றுவாங்கன்னு வாக்கு இருக்கு. அதுக்கும் மேல நியாயாதிபதிகள் புஸ்தகம் முடியுறதே அந்நாட்கள்ல ராஜா இல்ல, அவனவன் தன் பார்வைக்கு சரின்னு பட்டத செஞ்சான்னு சொல்லித்தான். அப்ப ராஜா இல்லாததுதான் பிரச்சனைங்கற மாதிரி இருக்கு, இங்க வந்தா ராஜா கேட்டதே பிரச்சனைங்கற மாதிரி இருக்கு.

இன்னொன்னும் சொல்லிடறேன். எங்க சபையில போதகர் ஐயா சீக்கிரம் ரிட்டையர் ஆகுறாங்க. அடுத்து யாருன்னு இப்பவே கமிட்டியில பேச்சு ஓடுது, பக்கத்து ஊர் பெரிய சபை மாதிரி நமக்கும் ஒரு ஸ்ட்ராங்கான ஆள் வேணும், ஆபீஸர்கள்கிட்ட பேசத் தெரிஞ்ச ஆள், ஒரு கேஸ்னு வந்தா முன்னாடி நிக்கிற ஆள்னு சொல்றாங்க. நான் இந்த அதிகாரத்த எடுத்தா பசங்க கண்டிப்பா இத இழுப்பாங்க, அப்ப நாமளும் அதே தப்பத்தான் பண்றோமான்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல.

ரிட்டையர்ட் வாத்தியார்:

தம்பி, நல்ல கேள்வி. ஆனா 8ஆம் அதிகாரத்த தனியா எடுக்காதீங்க, 7ல இருந்து ஆரம்பிங்க, பாதி பதில் அங்கயே இருக்கு.

7ல என்ன நடக்குது? மிஸ்பாவுல ஜனங்க கூடி உபவாசம் இருந்து, தண்ணி மொண்டு கர்த்தர் சந்நிதியில ஊத்தி, பாவம் செஞ்சோம்னு அழுறாங்க. அவங்க கூடினது தெரிஞ்சு எதிரிகளான பெலிஸ்தர் படையோட வர்றாங்க. இவங்ககிட்ட ராஜா இல்ல, நிரந்தரமா சேனாதிபதின்னு ஒருத்தர் இல்ல. சாமுவேல் ஒரு பால்குடிக்கிற ஆட்டுக்குட்டிய பலியிட்டு ஜெபம் பண்றாரு, பலி முடியுறதுக்குள்ள பெலிஸ்தர் கிட்ட வந்துட்டாங்க, கர்த்தர் பெரிய இடிமுழக்கத்தால அவங்கள கலங்கடிச்சாரு, இஸ்ரவேலர் துரத்திகிட்டு ஓடுனாங்க. அந்த இடத்துலதான் கல்ல நிறுத்தி எபெனேசர்னு பேர் வச்சது. இழந்த பட்டணங்களும் திரும்பி வந்துச்சு. இதுக்கு முன்னாடி ஆப்பெக்குல இதே பெலிஸ்தர்கிட்ட தோத்து உடன்படிக்கைப் பெட்டியவே பறிகொடுத்த ஜனம் இது, அத மறந்துடாதீங்க.

இப்ப 8க்கு வாங்க. மகன்கள் மேல சொன்ன புகார் நியாயம்னு நீங்க சொன்னத நானும் ஒத்துக்கறேன், பைபிளும் அத மறைக்கல. சாமுவேல் தன் பிள்ளைங்கள அந்த ஸ்தானத்துல வச்சதே சரியில்லன்னுதான் நான் சொல்லுவேன், ஆசாரியன் ஏலியோட பிள்ளைங்க ஓப்னியும் பினெகாசும் சீலோவுல பண்ணின அநியாயத்த கூடவே இருந்து பாத்து வளந்தவர் அவரு. ஆனா அந்தப் புகாருக்கு மூப்பர்கள் கேக்க வேண்டியது என்ன? அந்த ரெண்டு பேரையும் எடுங்க, யார வைக்கணும்னு கர்த்தர்கிட்ட கேட்டு சொல்லுங்கன்னு கேட்டிருக்கலாம். கேக்கல. அதிகாரம் முழுக்க தேடிப் பாருங்க, அந்த மூப்பர்கள்ல ஒருத்தராவது கர்த்தர் இதுக்கு என்ன சொல்றாருன்னு விசாரிச்சதா ஒரு வரி கிடையாது. தீர்மானம் பண்ணிட்டுத்தான் ராமாவுக்கே வந்திருக்காங்க.

உண்மையான காரணம் 20ஆம் வசனத்துல வெளிய வருது. சகல ஜாதிகளையும் போல நாங்களும் இருக்கணும், எங்க ராஜா எங்களுக்கு முன்னாடி புறப்பட்டு எங்க யுத்தங்கள நடத்தணும். மகன்களோட லஞ்சத்தப் பத்தி இங்க பேச்சே இல்ல பாத்தீங்களா. அப்புறம் 12:12ல சாமுவேல் இன்னும் ஒண்ண போட்டு உடைக்கிறாரு, அம்மோன் ராஜா நாகாஸ் வர்றத பாத்து பயந்துதான் நீங்க ராஜா கேட்டீங்க, கர்த்தர் உங்களுக்கு ராஜாவா இருந்தும் கேட்டீங்கன்னு. மிஸ்பாவுல கர்த்தர் செஞ்சு காட்டின அதே வேலைக்குத்தான் வேற ஆள் தேடுறாங்க. அதனாலதான் உன்னைத் தள்ளல, என்னைத்தான் தள்ளினாங்கன்னு கர்த்தர் சாமுவேல்கிட்ட சொல்றாரு.

உபாகமம் 17ல இருக்குற ராஜாவ பாருங்க, அவன் யுத்தம் பண்ணணும்னு அங்க ஒரு வார்த்தை இல்ல. குதிரைங்கள பெருக்கக் கூடாது, மனைவிகள பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் மிதமிஞ்சி சேக்கக் கூடாது, லேவியரான ஆசாரியர்கிட்ட இருக்குற நியாயப்பிரமாணத்த பாத்து தனக்குன்னு ஒரு பிரதி எழுதி ஆயுசு முழுக்க வாசிக்கணும், தன் சகோதரர்கள விட தன்னை உயர்வா நெனைக்கக் கூடாது. கர்த்தர் அனுமதிச்சது புஸ்தகத்த படிச்சுகிட்டு உக்காந்திருக்கற ராஜாவ. ஜனங்க கேட்டது ரதத்துல ஏறி முன்னாடி போற ராஜாவ. ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி.

மதுரை சிஸ்டர்:

ஐயா தெளிவா சொல்லிட்டாங்க. நான் 8ஆம் அதிகாரத்துல 11ஆம் வசனத்துல இருந்து 18 வரைக்கும் இருக்குற எச்சரிப்ப மட்டும் எடுத்துக்கறேன், ஏன்னா நிறைய பேர் அத வேகமா வாசிச்சுட்டு தாண்டிடறாங்க, எனக்கு இந்த புஸ்தகத்துலயே ரொம்ப முக்கியமான பகுதி அதுதான்.

சாமுவேல் பொத்தாம்பொதுவா ராஜா கெட்டவனா இருப்பான்னு சொல்லல. வீட்டுக்குள்ள வந்து ஒவ்வொரு பொருளா காட்டுறாரு. உங்க பையன்கள ரதத்துக்கும் குதிரைக்கும் வைப்பான், அவன் ரதத்துக்கு முன்னாடி ஓட வைப்பான், அவன் நிலத்த உழவும் அறுக்கவும் ஆயுதம் செய்யவும் வைப்பான். உங்க பொண்ணுங்கள பரிமளதைலம் செய்யவும் சமைக்கவும் அப்பம் சுடவும் கூட்டிட்டுப் போவான். வயல்லயும் திராட்சத்தோட்டத்துலயும் ஒலிவத்தோப்புலயும் நல்லதா பாத்து எடுத்து தன் ஊழியக்காரருக்கு குடுப்பான். தானியத்துல பத்துல ஒண்ணு, ஆட்டுல பத்துல ஒண்ணு. கடைசியா நீங்களே அவனுக்கு வேலையாள் ஆவீங்க, அன்னைக்கு கூப்பிடுவீங்க, கர்த்தர் கேக்க மாட்டாரு.

இது அப்படியே நடந்துச்சு, அதுவும் மோசமான ராஜா காலத்துல இல்ல, ஞானின்னு பேர் வாங்கின சாலொமோன் காலத்துல. 1 ராஜாக்கள் 4ஐ திறந்து பாருங்க, அரமனைக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்கு கொழுத்த மாடு 10, மேய்ச்சல் மாடு 20, ஆடு 100, அதுபோக மான், பறவைங்க. இத கொண்டு வந்து சேக்குறதுக்கு தேசத்துல 12 அதிகாரிகள், ஆளுக்கு வருஷத்துல ஒரு மாசம். அந்த ஒரு மாசத்துக்கு மட்டும் அந்தப் பகுதியில இருந்து எத்தன ஆடு மாடு போகணும்னு நீங்களே பெருக்கிப் பாருங்க. அப்புறம் 5ஆம் அதிகாரத்துல அமஞ்சி வேலைக்கு, அதாவது கட்டாய வேலைக்கு, 30,000 பேர், மாசம் 10,000 பேரா லீபனோனுக்கு அனுப்புறாங்க, ஒரு மாசம் அங்க ரெண்டு மாசம் வீட்டுல. சுமை தூக்க 70,000, மலையில கல் வெட்ட 80,000. ஆலயம் கட்டினது 7 வருஷம், தன் அரமனைய கட்டினது 13 வருஷம். குதிரைங்க எகிப்துல இருந்து வந்துச்சு, மனைவிகள் 700, மறுமனையாட்டிகள் 300, உபாகமம் 17 எதையெல்லாம் வேணாம்னு சொல்லுச்சோ அதெல்லாம் வரிசையா வந்துருச்சு.

சாலொமோன் செத்ததும் ஜனங்க சீகேமுக்கு வந்து அவர் மகன் ரெகொபெயாம்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், உங்க அப்பா வச்ச பாரமான நுகத்த கொஞ்சம் லேசாக்குங்க. பெரியவங்க சொன்ன ஆலோசனைய தள்ளிட்டு, எங்கப்பா சவுக்கால தண்டிச்சாரு நான் தேளால தண்டிப்பேன்னு பதில் சொன்னாரு. தேசம் ரெண்டா போச்சு. அப்புறம் ஜனங்ககிட்ட அவர் யார அனுப்பினாருன்னு பாருங்க, அமஞ்சி வேலைக்கு தலைவனா இருந்த அதோராம! ஜனங்க அவன கல்லெறிஞ்சே கொன்னுட்டாங்க. எத்தன வருஷத்து கோபம் அது.

அப்புறம் நாபோத். யெஸ்ரயேல்ல அரமனைக்கு பக்கத்துல இருந்த ஒரே காரணத்துக்காக அவன் திராட்சத்தோட்டம் ஆகாப் ராஜாவுக்கு கீரைக்கொல்லை போட வேணுமாம். என் பிதாக்களோட சுதந்தரம், தர மாட்டேன்னு சொன்னான். ஆகாபோட மனைவி யேசபேல், ராஜாவோட பேர்ல லெட்டர் எழுதி முத்திரை போட்டு மூப்பர்களுக்கு அனுப்புறா, ரெண்டு பொய் சாட்சி, கல்லெறி, முடிஞ்சுது. என்னை ஒவ்வொரு தடவையும் உலுக்குறது என்னன்னா அந்த லெட்டர வாங்கின மூப்பர்கள் ஒருத்தரும் வாயத் திறக்கல. அன்னைக்கு ராமாவுல சாமுவேல்கிட்ட ராஜா வேணும்னு அவ்ளோ துணிச்சலா பேசின மூப்பர்களோட ஸ்தானத்துல இருந்தவங்கதானே இவங்களும். தன் யுத்தத்த இன்னொருத்தன் பாத்துக்கட்டும்னு குடுத்த ஜனத்துக்கு கடைசியில பக்கத்து வீட்டுக்காரனுக்காக பேசுற தைரியம்கூட மிஞ்சல.

டெல்டா விவசாயி:

நான் ஒரு சின்ன விஷயம் சேக்கறேன். 12ஆம் அதிகாரத்துல சாமுவேல் இன்னைக்கு கோதுமை அறுப்பு நாள் அல்லவான்னு கேட்டுட்டு கர்த்தர நோக்கி கூப்பிடுறாரு, இடியும் மழையும் வருது, ஜனங்க நடுங்கிப் போறாங்க. சும்மா ஒரு அற்புதம்னு படிச்சா அதோட கனம் தெரியாது. அந்த தேசத்துல கோதுமை அறுப்பு மே, ஜூன் வாக்குல, மழைக்காலம் அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும், அந்த நேரத்துல மழைங்கறது ரொம்ப அபூர்வம். கதிர் முத்தி தலை சாஞ்சு நிக்கிறப்ப மழை அடிச்சா என்ன ஆகும்னு எங்க ஊர்ல குறுவை அறுப்புல நனைஞ்ச நெல்ல ரோட்டுல பரப்பி வச்சுட்டு நிக்கிறவங்களுக்கு தெரியும். எல்லா ஊர் ஜனமும் கில்கால்ல கூடி நிக்குது, வயல்ல கதிர் நிக்குது, ஒரு ராஜாவும் அந்த மழைய நிறுத்த முடியாது. சவுல் அங்கதான் நிக்கிறாரு, புதுசா முடி சூடி. உங்க சோறு யார் கையில இருக்குன்னு அதவிட நேரடியா காட்ட முடியாது.

கோவை பிரதர்:

எல்லாம் சரி, ஆனா நான் ஒரு மறுப்பு சொல்லியே ஆகணும், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த அதிகாரத்த வச்சு ரெண்டு விதமான ஆபத்தான பிரசங்கத்த நான் காது குளிர கேட்டு இல்ல, காது கொதிக்க கேட்டிருக்கேன்.

ஒண்ணு, விசுவாசி ஓட்டு போடக்கூடாது அரசாங்கத்துல சேரக்கூடாதுங்கறது. அப்படி இந்த அதிகாரம் சொல்லவே இல்ல. கர்த்தரே ஜனங்க சொல்லக் கேள்னு சாமுவேல்கிட்ட மூணு தடவ சொல்றாரு, அவரேதான் சவுல காட்டுறாரு, பின்னாடி தாவீது வீட்டோட உடன்படிக்கை பண்றாரு, அந்த வம்சத்துலதான் இயேசு வர்றாரு. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்ற ரோமர் 13 இருக்கு. நியாயாதிபதிகள் 19, 20, 21 படிச்சா ராத்திரி தூக்கம் வராது, அவ்ளோ கொடூரம், அதனால ராஜா இல்லாத காலம் பொற்காலம்னு யாரும் சொல்லக்கூடாது.

ரெண்டாவதுதான் ரொம்ப மோசம். கர்த்தரோட தலைமைய நம்புங்கன்னு ஆரம்பிச்சு, நான் கர்த்தரோட அபிஷேகம் பெற்றவன், அதனால என்னை கேள்வி கேக்காதீங்கன்னு முடிக்கிறது. கர்த்தர நம்புங்கறத மெதுவா என்னை நம்புன்னு மாத்திடறாங்க. நான் முன்னாடி போன ஒரு சபையில இத நேருல பாத்தேன், வரவு செலவு கேட்டவர கலகக்காரன்னு மைக்ல சொன்னாங்க, அவர் குடும்பமே அழுதுகிட்டு வெளிய போச்சு. அத நெனச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

நெல்லை தம்பி, நீங்க பசங்ககிட்ட இதுக்கு 12:3 ஐ காட்டுங்க. சாமுவேல் வாழ்நாள் முழுக்க ஊழியம் செஞ்சவரு, பிள்ளையா இருக்கும்போதே கர்த்தர் பேசினவரு, அவர விட அபிஷேகம் யாருக்கு? அவர் எல்லா ஜனத்துக்கும் முன்னாடி, புது ராஜாவ சாட்சியா நிக்க வச்சுகிட்டு, யாரோட எருத எடுத்தேன், யாரோட கழுதைய எடுத்தேன், யாருக்கு அநியாயம் செஞ்சேன், யார் கையில பரிதானம் வாங்கினேன், சொல்லுங்க, திருப்பிக் குடுக்கறேன்னு நிக்கிறாரு. கர்த்தரோட ஆளுகைக்கு கீழ இருக்குற மனுஷன் தன் கணக்க திறந்து வைப்பான். மூடி வைக்கிறவன் தன்னையே ராஜாவாக்குறான், அவன் எந்த வசனத்த சொன்னாலும் சரி. 10:25லயும் பாருங்க, ராஜ்யபாரத்தோட முறைய சாமுவேல் ஒரு புஸ்தகத்துல எழுதி கர்த்தருடைய சந்நிதியில வைக்கிறாரு. ராஜா என்ன செய்யலாம் செய்யக்கூடாதுங்கறது ராஜாவோட வாயில இல்ல, எழுத்துல இருந்துச்சு.

ரிட்டையர்ட் வாத்தியார்:

கோவை பிரதர் சொன்னதுக்கு ஆமென். அதோட ராஜாக்களுக்கு முன்னாடி இஸ்ரவேலை வழிநடத்தின கிதியோனையும் சேத்துக்கலாம். மீதியானியர ஜெயிச்சதும் ஜனங்க நீரும் உம்ம மகனும் பேரனும் எங்கள ஆளுங்கன்னாங்க, அவர் நான் ஆள மாட்டேன், என் மகனும் ஆள மாட்டான், கர்த்தரே ஆளுவாருன்னு சொன்னாரு. எவ்ளோ அழகான பதில். ஆனா அதே மூச்சுல கொள்ளையில கிடைச்ச கடுக்கன்கள கேட்டு வாங்கினாரு, 1,700 சேக்கல் பொன், அதுல ஏபோத்த, அதாவது ஆசாரியர் போடுற உடைய, செஞ்சு தன் ஊர் ஒப்ராவுல வச்சாரு, இஸ்ரவேல் முழுக்க அது பின்னாடி போச்சு. வாய் கர்த்தர் ஆளுவாருன்னு சொல்லுது, ஜனம் வந்து நிக்கிறது இவர் ஊர் வாசல்ல.

அவர் மகன் அபிமெலேக்கு பாகால் பேரீத் கோவில் பணம் 70 வெள்ளிக்காசுல வீணரையும் போக்கிரிகளையும் கூலிக்கு வச்சு, அண்ணன் தம்பிங்கள ஒரே கல்லுமேல கொன்னான். தப்பிச்ச கடைசித் தம்பி யோதாம் கெரிசீம் மலை மேல நின்னு சொன்ன மரங்களோட கதைய பசங்களுக்கு வாசிச்சு காட்டுங்க. ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் எங்க வேலைய விட்டுட்டு வர மாட்டோம்னுச்சு, முட்செடி மட்டும் வாங்க, என் நிழல்ல வந்து அடங்குங்கன்னு கூப்பிட்டுச்சு. முட்செடிக்கு ஏது நிழல்.

நெல்லை வாலிபன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, வாத்தியார் ஐயா, சிஸ்டர் அக்கா, பிரதர், எல்லாருக்கும். 8:20ஐயும் 7ஆம் அதிகாரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நான் பாத்ததே இல்ல. ஆனா சபை விஷயத்துல இன்னும் ஒரு சந்தேகம். ஒரு நல்ல போதகர் வேணும்னு ஆசைப்படுறது தப்பில்லதானே? அப்ப கமிட்டில இருக்குறவங்க பேசுறதுக்கும் ராமாவுல நின்னவங்க பேசினதுக்கும் எங்க கோடு போடுறது?

மதுரை சிஸ்டர்:

தப்பே இல்ல தம்பி, ஜெபம் பண்ணி கேளுங்க. கோடு எங்கன்னா, அவர் வந்த பிறகு நாம என்ன செய்யப் போறதில்லங்கற இடத்துல. ஸ்ட்ராங்கான ஆள் வந்துட்டா கேஸ அவர் பாத்துப்பாரு, ஜெபத்த அவர் பாத்துப்பாரு, ஊர்ல கஷ்டப்படுற குடும்பத்த அவர் போய் பாப்பாரு, நாம ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்தா போதும்னு நெனைச்சா அது ராமா. உங்க கமிட்டில பேசினதுல பக்கத்து ஊர் சபை மாதிரிங்கறது வந்துச்சு பாருங்க, அது எனக்கு உறுத்துது. அந்த சபையில கர்த்தர் என்ன செய்றாருன்னு பாத்தா சொல்றாங்க, இல்ல அந்த போதகருக்கு இருக்குற செல்வாக்க பாத்தா?

ஒரு காரியம் செய்யலாம். ஐயா போறதுக்கு முன்னாடி ஒரு நாள் வாலிபர்களே உபவாச ஜெபம் வைங்க, எந்தப் பேரையும் சொல்லாம. மிஸ்பாவுல முதல்ல நடந்தது அதுதானே, தலைவரப் பத்தின பேச்சுக்கு முன்னாடி தங்கள் பாவத்த சொன்னாங்க. அதோட கமிட்டில எந்த ஐயா வந்தாலும் வருஷ கணக்க சபைக்கு முன்னாடி வாசிக்கணும்னு இப்பவே மினிட்ஸ்ல எழுதி வைக்க சொல்லுங்க.

கோவை பிரதர்:

சிஸ்டர் சொன்னத அப்படியே வழிமொழியறேன். இன்னொன்னு, 12:23ஐ விட்டுடாதீங்க. தன்ன வேணாம்னு சொன்ன அதே ஜனத்துக்காக ஜெபம் பண்ணாம இருந்தா அது நான் கர்த்தருக்கு விரோதமா செய்ற பாவம்னு சாமுவேல் சொல்றாரு. கர்த்தரும் அவங்கள விட்டுடல, ராஜா கேட்டது பெரிய பொல்லாப்புன்னு சொல்லிட்டு, பயப்படாதீங்க, கர்த்தர விட்டு மட்டும் பின்வாங்காதீங்கன்னு அடுத்த மூச்சுலயே சொல்ல வைக்கிறாரு. பசங்க இது தண்டனைக் கதைன்னு நெனச்சுட்டு வீட்டுக்கு போயிடக்கூடாது.

ரிட்டையர்ட் வாத்தியார்:

நேரம் இருந்தா 11, 13, 14 மூணையும் தொட்டுட்டு போங்க தம்பி. 11ல சவுல் ரொம்ப நல்லா ஆரம்பிக்கிறாரு, யாபேஸ்காரங்கள நாகாஸ்கிட்ட இருந்து காப்பாத்திட்டு, தன்ன எதிர்த்தவங்கள கொல்லச் சொன்னப்ப இன்னைக்கு கர்த்தர் இரட்சிப்ப குடுத்தாரு, ஒருத்தரும் சாகக்கூடாதுன்னு தடுத்துடறாரு. அத சொல்லாம சவுல திட்டினா அது நியாயமில்ல. 13ல கில்கால்ல ஏழு நாள் காத்திருந்துட்டு, ஜனம் சிதறிப் போகுதேன்னு பயந்து தானே பலியிடறாரு, முடிச்ச உடனே சாமுவேல் வந்து நிக்கிறாரு. கூட மிஞ்சினது சுமார் 600 பேர். ஆனா 14ல அவர் மகன் யோனத்தான் ஆயுததாரி ஒருத்தன மட்டும் கூட்டிகிட்டு, அநேகம் பேரக் கொண்டாலும் கொஞ்சம் பேரக் கொண்டாலும் இரட்சிக்க கர்த்தருக்குத் தடையில்லன்னு சொல்லி பாறையில தவழ்ந்து ஏறுறான். வாலிபர் கூட்டம்னா அந்தப் பகுதிய கண்டிப்பா வாசிக்க வைங்க, யாராவது ஒரு பையன எழுப்பி சத்தமா வாசிக்க சொல்லுங்க, நீங்களே வாசிக்காதீங்க. கூட்டம் முடிஞ்சதும் பசங்க என்ன கேட்டாங்கன்னு இங்க வந்து எழுதுங்க.